எத்தனை லாட்?

போன மாதம் பரண் சுத்தம் செய்தபோது என் முதல் டிரேடிங் நோட்டு கிடைத்தது. 2017-ல் வாங்கியது. பின் அட்டையில் வாய்ப்பாடு அச்சடித்த சாதாரண கோடு போட்ட நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் பெரிதாக "லாபம்". எங்கள் பக்கம் புதுக்கணக்கு எழுதும்போது அப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

அங்கேயே உட்கார்ந்து புரட்டினேன். தேதி, பங்கின் பெயர், வந்த பணம். மூன்றே பத்திகள். போன பணத்துக்குப் பத்தி இல்லை. ஆகஸ்ட் 3-ஆம் தேதி 1,850 ரூபாய் லாபம் என்று இருக்கிறது. அடுத்த வரி ஆகஸ்ட் 14. நடுவில் என்ன ஆயிற்று என்று நோட்டைக் கேட்டால் சொல்லாது, டீமேட் ஸ்டேட்மென்டைத்தான் கேட்கவேண்டும்.

என்னிடம் இப்படி மூன்று நோட்டுகள் இருக்கின்றன. மூன்றையும் வரிசையாகப் படித்தபோது எனக்கே வேடிக்கையாக இருந்தது. பங்குகளின் பெயர்கள் மாறியிருப்பதைவிட, நான் எதை எழுதத் தகுந்தது என்று நினைத்தேனோ அது மாறியிருக்கிறது.

முதல் நோட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்போது எனக்கு 27 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை (இப்போதும் அதே வேலைதான், கம்பெனி மட்டும் வேறு). அந்த வருடம் ஜூலையில் பங்குச்சந்தைக் குறியீடான நிஃப்டி 10,000-ஐத் தாண்டியது. வருடம் முழுக்க ஏறக்குறைய 28 சதவீதம் ஏறியது. சின்னக் கம்பெனிப் பங்குகள் அதைவிடப் பல மடங்கு ஆடின. கண்ணை மூடிக்கொண்டு எதை வாங்கினாலும் ஏறிய காலம். ஒரு லட்சம் போட்டு பத்து மாதத்தில் 46,000 பார்த்தேன். அது காற்றின் வேலை என்று தெரியாமல், நான் பட்டம் விடுவதில் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

2018 ஜனவரியில் சின்னப் பங்குகள் இறங்க ஆரம்பித்தன. பிப்ரவரி 1 பட்ஜெட்டில் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு வரி வந்தது. 212 ரூபாய்க்கு வாங்கிய ஒரு பங்கை, விலை இறங்க இறங்க மேலும் வாங்கி, 180-ல் ஆவரேஜ் செய்தேன், 150-ல் செய்தேன், 110-ல் செய்தேன். கடைசியில் 38-க்கு விற்றேன். அந்தப் பங்கைப் பற்றி நோட்டில் ஒரே ஒரு வரி: 2017 அக்டோபர், "இதுவரை 4,200 மேலே". அதோடு சரி. நோட்டு மார்ச்சில் நின்றுவிட்டது. பாதிக்கு மேல் வெள்ளைத் தாள்.

இரண்டாவது நோட்டு 2019. இதில் புதிதாக ஒரு பத்தி வந்திருக்கிறது: "காரணம்". நல்ல முன்னேற்றம் என்றுதான் முதலில் நினைத்தேன். படித்துப் பார்த்தால், "ஆபரேட்டர் இறக்கிவிட்டான்", "டெலிகிராம் குரூப்பில் லேட்டாகச் சொன்னார்கள்", "நெட் ஸ்லோ", "ஸ்டாப்லாஸை அடித்துவிட்டு ஏறிவிட்டது". (இந்த விலை வந்தால் நஷ்டத்தோடு வெளியேறிவிடு என்று முன்பே வைக்கும் வரம்புதான் ஸ்டாப்லாஸ்.) ஊரில் உள்ள எல்லோரும் இருக்கிறார்கள், நான் ஒருவன்தான் இல்லை.

இந்த நோட்டில்தான் ஆப்ஷன் வருகிறது. குறித்த நாளில் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உள்ள உரிமைதான் ஆப்ஷன். வாங்கும் உரிமைக்கு 'கால்' என்று பெயர், சந்தை ஏறினால் அதன் விலை ஏறும். விற்கும் உரிமைக்கு 'புட்', சந்தை இறங்கினால் அதன் விலை ஏறும். வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டியில் அப்போது வாரம் ஒரு எக்ஸ்பைரி, அதாவது ஆப்ஷன் காலாவதியாகும் நாள், வியாழக்கிழமை. எக்ஸ்பைரி அன்று மத்தியானத்துக்கு மேல் மூன்று ரூபாய், நான்கு ரூபாய்க்கு ஆப்ஷன் கிடைக்கும். அடித்தால் முப்பது, நாற்பது. அடிக்காவிட்டால் பூஜ்யம். 'ஹீரோ ஜீரோ' என்று பெயர். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்வதற்கு முன், என் அப்பா வாரம் ஒரு சீட்டு வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். அவர் செய்ததற்கும் நான் செய்ததற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், அவர் அதைச் சூதாட்டம் என்று ஒப்புக்கொண்டார்.

வாங்கி வாங்கித் தோற்ற பிறகு, விற்பவன்தான் ஜெயிக்கிறான் என்று எங்கேயோ கேட்டுவிட்டு விற்க ஆரம்பித்தேன். ஆப்ஷனை விற்றால் அதன் விலையான பிரீமியம் முதலிலேயே கைக்கு வரும். பெரும்பாலான வாரங்களில் அந்த ஆப்ஷன் செல்லாக்காசாகி, வந்த பணம் நமக்கே நிற்கும். ஆனால் லாபத்துக்கு ஒரு வரம்பு உண்டு, நஷ்டத்துக்கு வரம்பு கிடையாது. இது எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்துகொண்டது வாயளவில்தான்.

2019 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை. காலை பத்தே முக்கால் இருக்கும். ஒரு சாயப்பட்டறையின் லேபில் நின்றுகொண்டிருந்தேன். கையில் லேப் டிப், ஒரே நீலத்தில் நாலு சாயல், நாலு துண்டுத் துணி. லைட் பாக்ஸுக்குள் வைத்து, பையர் அனுப்பிய மாதிரித் துணியோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் நீலம் டியூப் லைட்டில் வேறாகத் தெரியும். அதனால் பட்டனை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்போம். பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. மறுபடியும்.

கோவாவில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கார்ப்பரேட் வரியைக் குறைப்பதாக அறிவித்திருந்தார். அன்று நிஃப்டி ஒரே நாளில் ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறியது. பேங்க் நிஃப்டி 2,200 புள்ளிக்கு மேல். நான் காலையில் பேங்க் நிஃப்டி 'கால்' ஆப்ஷன் ஆறு லாட் விற்றிருந்தேன். ஆப்ஷனை ஒன்றிரண்டாக வாங்க விற்க முடியாது, கட்டாகத்தான்; அந்தக் கட்டுதான் லாட். ஒரு லாட் அப்போது 20. மொத்தம் 120. விற்ற விலை 110 ரூபாய். ஸ்டாப்லாஸ் மனதில் இருந்தது, சிஸ்டத்தில் இல்லை. வேலை நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

போனை எடுத்தபோது 340. இது நிற்காது, இறங்கும் என்று நினைத்தேன். 420. லேப் பையன், "அண்ணா, பி ஓகேவா, சி ஓகேவா?" என்றான். "பி" என்றேன். 560. கை நீலத் துணியையும் விடவில்லை, போனையும் விடவில்லை. 780-ல் வெளியே வந்தேன். 670 ரூபாய் வித்தியாசம், 120-ஆல் பெருக்கினால் 80,400. என் இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேலே. அந்த 'பி' சாயலையும் பத்து நாள் கழித்து பையர் திருப்பி அனுப்பிவிட்டார். சி தான் சரியாம்.

அன்றைய தேதிக்கு நேரே காரணம் பத்தியில் எழுதியிருக்கிறேன்: "அரசாங்கம்."

இதைவிடப் பெரிய அடி அடுத்த வருடம் லாபமாக வந்தது. 2020 பிப்ரவரியில் 12,000-க்கு மேல் இருந்த நிஃப்டி, மார்ச் 23 அன்று மட்டும் 13 சதவீதம் விழுந்து 7,610-ல் முடிந்தது. பத்து சதவீதம் விழுந்ததும் வர்த்தகத்தை 45 நிமிடம் நிறுத்தி வைத்தார்கள். நான் மார்ச் தொடக்கத்தில் இருந்தே புட் வாங்கிக்கொண்டிருந்தேன். கொரோனா பற்றி எனக்குப் பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. ஐரோப்பிய பையர்கள் ஆர்டரை நிறுத்தி வைக்கச் சொல்லி மெயில் அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள், அவ்வளவுதான். 60,000 ரூபாய் மூன்று வாரத்தில் 4,30,000 ஆனது.

ஊரடங்கு அறிவித்த இரவு நாங்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். கம்பெனி எப்போது திறக்கும் என்று தெரியாது. சம்பளம் வருமா என்றும் தெரியாது. மனைவியிடம் போனைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "ஏங்க, இதைப் பேங்க்ல போட்டுடுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். "பேங்க்ல போட்டா ஆறு பர்சென்ட்" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை அவள் இன்றுவரை சொல்லிக் காட்டுவாள்.

ஏப்ரலில் மார்க்கெட் ஏறத் தொடங்கியது. உலகமே மூடிக் கிடக்கிறது, எப்படி ஏறும்? மறுபடி புட் வாங்கினேன். ஏறியது. மறுபடி வாங்கினேன். இதில் ஒரு நுணுக்கம் இருந்தது, எனக்கு அப்போது புரியவில்லை. சந்தையின் பயத்தை அளக்கும் குறியீடான இந்தியா விக்ஸ் மார்ச் கடைசியில் 80-ஐத் தாண்டியிருந்தது. ஆப்ஷன் விலையில் பயத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பயம் உச்சத்தில் இருக்கும்போது வாங்கினால், அந்தப் பயத்துக்கும் சேர்த்து விலை கொடுக்கிறோம். பிறகு பயம் தணியத் தணிய, நிஃப்டி நின்ற இடத்திலேயே நின்றாலும் நம் புட் கரையும். நாட்கள் கழியக் கழிய இன்னும் கரையும். நான் திசையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், திசையும் தப்பு. ஜூன் முடிவில் நிஃப்டி 10,300. என் கணக்கில் 35,000. நவம்பரில் நிஃப்டி பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. நான் அதற்குள் சேமிப்பில் இருந்து இரண்டு தடவை பணம் போட்டு முடித்திருந்தேன்.

80,400 போனபோது பயம் வந்தது. அந்தப் பயம் நல்லது, கொஞ்ச நாள் கையைக் கட்டி வைத்தது. 4,30,000 வந்தபோது வந்தது வேறு. என் கணிப்பு சரி, உலகம்தான் லேட்டாகப் புரிந்துகொள்கிறது என்ற திமிர். அதை இறக்கி வைக்க இரண்டு வருடம் ஆயிற்று.

அந்த இரண்டு வருடத்தில் செய்ததை எல்லோரும் செய்திருப்பார்கள், அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இன்டிகேட்டர்கள். ஒன்றின் மேல் ஒன்றாக ஏழு. சார்ட்டில் விலையே தெரியாத அளவுக்கு வண்ணக் கோடுகள். வார இறுதி வகுப்பு ஒன்றுக்கு 15,000 கட்டினேன். அவர் ஒரு விஷயத்தைச் சரியாகவே சொன்னார், ஸ்டாப்லாஸை சிஸ்டத்தில் போடுங்கள் என்று. அதற்கு 15,000 அதிகம்தான்.

திருப்பம் வந்த இடம் கொஞ்சமும் எதிர்பாராத இடம். 2022 ஜூலை, ஆடிட்டர் ஆபீஸ். ஆப்ஷன் வியாபாரத்தில் வரும் லாப நஷ்டம் பிசினஸ் வருமானத்தில் சேரும், ஐடிஆர்-3 என்ற வருமான வரிப் படிவம் போடவேண்டும். அதுவரை நான் காட்டாமலே இருந்தேன், நஷ்டத்தை எதற்குக் காட்டவேண்டும் என்று. ஆடிட்டர் சார் மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "கெடுவுக்குள்ள காட்டினாத்தானே தம்பி எட்டு வருஷத்துக்கு எடுத்துட்டுப் போகலாம்? அப்புறம் வர்ற லாபத்துல கழிச்சுக்கலாம்." கொஞ்ச நேரம் பேப்பரைப் புரட்டிவிட்டு, "எட்டு வருஷம் போதுமா?" என்றார். கேலி செய்தாரா, உண்மையிலேயே கேட்டாரா என்று இன்றும் தெரியவில்லை.

அவருக்காக எல்லா ஸ்டேட்மென்டையும் இறக்கி எக்செல்லில் போட்டேன். 2019 செப்டம்பரில் இருந்து 2022 மார்ச் வரை 640 டிரேடு. மொத்த நஷ்டம் 2,84,000. அதில் புரோக்கரேஜ், எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 43,000. வந்ததுதான் வந்தோம் என்று ஒவ்வொரு டிரேடுக்கும் நேரே லாட் எண்ணிக்கையையும் போட்டேன். பிறகு ஏதோ தோன்றி, எல்லா டிரேடையும் ஒரே ஒரு லாட்டில் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு பத்தி சேர்த்தேன்.

கட்டணம் எல்லாம் போக 22,000 லாபம்.

ஃபார்முலாவில் தப்பு என்று நினைத்தேன். மூன்று தடவை சரிபார்த்தேன். தப்பில்லை. அதே டிரேடு, அதே நேரம், அதே விலை. லாட் எண்ணிக்கை மட்டும் மாறினால் நஷ்டம் லாபமாகிறது. இன்னும் நோண்டினால் விஷயம் வெளியே வந்தது. லாபத்தில் இருந்த நாட்களில் நான் சராசரியாக இரண்டு லாட் போட்டிருக்கிறேன். ஒரு நஷ்டத்துக்கு அடுத்த டிரேடில் சராசரி ஐந்து. பன்னிரண்டு லாட் போட்ட நாட்கள் நான்கு. நான்கிலும் அன்று மத்தியானத்துக்குள் நான் தோற்றிருந்தேன்.

ஒரு லாட்டாக இருந்தால் இதே முடிவுகளை எடுத்திருப்பாயா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மார்ச் 2020-ல் ஒரு லாட்டோடு நின்றிருந்தால் ஏப்ரலில் அந்தத் திமிர் வந்திருக்காது, கதையே வேறாகியிருக்கும். நடந்து முடிந்ததை வைத்து எக்செல்லில் பணம் சம்பாதிப்பது சுலபம். ஆனாலும் அந்தப் பத்தி என்னை உலுக்கியது உண்மை. ஐந்து வருடமாக "எங்கே போகும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்கு என் பதில் சுமாராகச் சரியாகவே இருந்திருக்கிறது. "எத்தனை லாட்?" என்ற கேள்வியை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதை என் கோபம் முடிவு செய்துகொண்டிருந்தது.

அந்த மாதம் ஈரோட்டுக்கு மாமாவைப் பார்க்கப் போனேன். அம்மாவின் தம்பி. முப்பது வருடத்துக்கும் மேலாக மஞ்சள் வியாபாரம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மாதிரி மஞ்சளைக் கொட்டி வைத்திருப்பார்கள். மாமா ஒரு விரலி மஞ்சளை எடுத்து ஒடிப்பார். நன்றாகக் காய்ந்திருந்தால் 'டிக்' என்று உலோகம் தட்டினாற்போல ஒரு சத்தம் வரும். ஈரம் இருந்தால் சத்தம் மொண்ணையாக இருக்கும். ஒடித்த இடத்தின் நிறத்தைப் பார்ப்பார், மூக்கருகே கொண்டுபோவார், கீழே போட்டுவிட்டு அடுத்த குவியலுக்கு நடப்பார். எல்லாம் முடிந்து ஒரு சீட்டில் விலையை எழுதி மடித்துப் போடுவார். மறைமுக ஏலம். பக்கத்தில் நிற்பவர் என்ன எழுதினார் என்று தெரியாது. அவர் கூட்டினார் என்பதற்காக நாமும் கூட்ட வழியில்லை.

திரும்பி வரும்போது டீக்கடையில் என் எக்செல் கதையைச் சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு 2011-ஐப் பற்றிச் சொன்னார். வீட்டில் யாரும் அதைப் பேசமாட்டார்கள், எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். 2010 கடைசியில் மஞ்சள் குவிண்டால் 17,000 வரை போனது. ஊர் முழுக்கப் பணம். மாமா 14,500-க்கு 200 குவிண்டால் வாங்கிக் குடோனில் போட்டார். 25,000 போகும் என்று பேச்சு. விலையைப் பார்த்து எல்லோரும் மஞ்சள் நட்டார்கள், வரத்து குவிந்தது, 2012-ல் விலை 4,000 பக்கம் வந்துவிட்டது. மாமா 4,600-க்கு விற்றார். பெருந்துறை ரோட்டில் வாங்கி வைத்திருந்த இடம் போனது.

"அழுகற சாமான் இல்லையே மாப்ள, வெச்சிருந்தா என்னைக்காச்சும் ஏறாமயா போயிரும்னு நெனச்சேன்."

"ஏறலீங்களா மாமா?"

"அதுக்கு வருஷம் ஆச்சு. மஞ்சள் அப்படியேதான் இருந்துது. வட்டிதான் தின்னுருச்சு."

பிறகு டம்ளரை வைத்துவிட்டு, "எத்தன குவிண்டால் வாங்குனேன்னு எல்லாரும் கேட்டாங்க. எவன் காசுல வாங்குனேன்னு ஒருத்தனும் கேக்கல. நானும் கேக்கல" என்றார். இன்றும் அவர் வாங்குவது தன் குடோனில் கொள்ளும் அளவுக்குத்தான், தன் காசில்தான். மஞ்சளைப் பார்க்கும் கண் 2011-லும் அவருக்கு இருந்தது. ஒடித்துப் பார்த்துத்தான் வாங்கினார், அந்த 200 குவிண்டாலும் முதல் தர விரலி.

வட்டி தின்றது என்று அவர் சொன்னபோதுதான் என் ஏப்ரல் 2020 புட்கள் எனக்கு முழுதாக விளங்கின. நாள்தோறும் கரையும் பிரீமியம் என்று வகுப்பில் படித்திருக்கிறேன், அதற்குத் தீட்டா என்று பேர். ஆனால் குடோன் வாடகை, வட்டி என்று கேட்டபோதுதான் அது உள்ளே போய் உட்கார்ந்தது.

மூன்றாவது நோட்டு அதன் பிறகு ஆரம்பிக்கிறது. மாமாவின் சீட்டைக் காப்பியடித்தேன். காலை 9.15-க்கு முன் ஒரு துண்டுத் தாளில் மூன்று விஷயம்: எத்தனை லாட், எங்கே வெளியே, தப்பாகப் போனால் எத்தனை ரூபாய் நஷ்டம். மடித்துச் சட்டைப் பையில். ஒரு நஷ்டம் வந்துவிட்டால் அன்றைக்குக் கடை மூடியாயிற்று. சாயங்காலம் சீட்டை நோட்டில் ஒட்டிவிடுவேன். சீட்டில் எழுதியதும் நடந்ததும் ஒன்றாக இருந்தால் ஒரு டிக். லாபமா நஷ்டமா என்பது டிக்குக்கு அடுத்த பத்தி.

இதற்கெல்லாம் 'டிரேடிங் சைக்காலஜி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தை மேல் அவ்வளவு மரியாதை இல்லை. மனசு, மனசு என்று சொல்லிவிட்டால் கணக்குப் போடாமல் தப்பித்துக்கொள்ளலாம். என் மனசு 2019-ல் இருந்ததைவிட இப்போது சாந்தமாகிவிட்டது என்றெல்லாம் இல்லை. இரண்டு லட்சத்தில் பாதி போனால் மீதியை இரட்டிப்பாக்கினால்தான் பழைய இடத்துக்கு வரமுடியும் என்ற கணக்கை அப்போது போடவில்லை, இப்போது போடுகிறேன். ஒரு டிரேடில் இரண்டாயிரத்துக்கு மேல் போகாது என்று தெரிந்தால் லேப் டிப்பை ஒழுங்காகப் பார்க்க முடிகிறது. அதற்குத் தியானம் தேவைப்படவில்லை.

சலிப்புதான் கஷ்டம். அதை யாரும் சொல்லித் தரவில்லை. நோட்டில் வாரக்கணக்கில் "இல்லை", "இல்லை", "இல்லை". 2023 முழுக்க வந்த லாபம் 38,000. கம்பெனி நண்பர் ஒருவர், "இதுக்கா வருஷம் பூரா போனைப் பார்த்தே?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

2024 தேர்தல் சமயத்துப் பக்கம் கொஞ்சம் பெருமைப்பட வைப்பது. மே 31, வெள்ளிக்கிழமை. அன்றன்றே விற்காமல் கணக்கில் வைத்திருக்கும் என் டெலிவரி பங்குகளுக்குக் காப்பாக நிஃப்டி 22,000 புட் ஒரு லாட், அப்போது லாட் 25, 220 ரூபாய்க்கு வாங்கினேன். சீட்டில் "5,500 போனாலும் சரி" என்று இருக்கிறது. வார இறுதியில் எக்ஸிட் போல். திங்கட்கிழமை ஜூன் 3 அன்று நிஃப்டி மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறி 23,264 பக்கம் முடிந்தது. என் புட் 70 ரூபாய். ஆபீஸில் ஸ்வீட் கொடுத்தார்கள், நானும் வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் ஓட்டு எண்ணிக்கை. நிஃப்டி 1,379 புள்ளி விழுந்து 21,884-ல் முடிந்தது. ஏறக்குறைய ஆறு சதவீதம்.

பதினொன்றரை மணிக்கு என் புட் 400-ஐத் தாண்டியிருந்தது. அப்போது என் கட்டைவிரல் செய்ததைச் சொல்லவேண்டும். ஆர்டர் பெட்டியைத் திறந்து, அளவு என்ற இடத்தில் 500 என்று அடித்தது. இருபது லாட். 2020 மார்ச் அப்படியே கண்முன் நின்றது. அந்த 500-ஐ எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை, திரை அணைந்துவிட்டது. மறுபடி ஏற்றி, அழித்தேன். 510-ல் இருந்த ஒரு லாட்டை விற்றேன். லாபம் 7,250. என் பங்குகள் அன்று 40,000-க்கு மேல் இறங்கியிருந்தன. ஆக மொத்தத்தில் நஷ்டம்தான். ஆனால் நோட்டில் டிக் இருக்கிறது.

சரி, ஆள் தேறிவிட்டான் என்று நினைக்கிறீர்களா? நானும் நினைத்தேன். இரண்டு பக்கம் தள்ளி ஆகஸ்ட் 5. ஜப்பானின் பங்குக் குறியீடு நிக்கி அன்று 12 சதவீதம் விழுந்தது. நிஃப்டி 660 புள்ளிக்கு மேல். திறந்ததுமே இவ்வளவு விழுந்துவிட்டதே, தூக்குவார்கள் என்று 'கால்' ஆப்ஷன் ஒரு லாட் வாங்கினேன். 3,100 நஷ்டம். விதிப்படி கடை மூடவேண்டும். மூடவில்லை. எட்டு லாட் போட்டேன். பிறகு இன்னொரு எட்டு. மத்தியானத்துக்குள் 41,000. அந்த வருடம் சேர்த்தது எல்லாம் போய், கையில் இருந்தும் கொஞ்சம் போனது.

வீட்டில் சண்டை இல்லை, வேலையில் நெருக்கடி இல்லை, பணத்தேவை இல்லை. இத்தனை கற்றுக்கொண்டுவிட்டோம், இன்று ஒரு நாள் பரவாயில்லை என்று தோன்றியது, அவ்வளவுதான். அன்றைய பக்கத்தில் கையெழுத்தே வேறாக இருக்கிறது. 2019 நோட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே சாய்வு, அதே அழுத்தம், பேனா தாளைக் கிழித்திருக்கிறது. ஆனால் காரணம் பத்தியில் "ஜப்பான்" என்று எழுதவில்லை. "8 லாட்" என்று எழுதியிருக்கிறேன்.

அடுத்த மாதம் பங்குச்சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி ஒரு ஆய்வை வெளியிட்டது. 2022 நிதியாண்டில் இருந்து 2024 வரை மூன்று ஆண்டுகளில் ஃபியூச்சர்ஸ் ஆப்ஷன்ஸில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். சராசரியாக ஆளுக்கு இரண்டு லட்சம். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். அலுவலகத்தில் எல்லோரும் அதைப் பகிர்ந்து, நல்லவேளை நாம் அந்தப் பக்கம் போகவில்லை என்றார்கள். நான் என் எக்செல்லைத் திறந்து அந்த மூன்று ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தேன். 93-க்குள்தான் இருந்தேன். 2023-ன் 38,000 அதற்கு முந்தைய பள்ளத்தை நிரப்பப் போதவில்லை.

நவம்பரில் விதிகள் மாறின. பேங்க் நிஃப்டி வாராந்தர எக்ஸ்பைரி நின்றது. கான்ட்ராக்டின் குறைந்தபட்ச மதிப்பை ஐந்து லட்சத்தில் இருந்து பதினைந்து லட்சமாக்கினார்கள், புதிய நிஃப்டி கான்ட்ராக்டுகளில் லாட் 25-ல் இருந்து 75 ஆனது. நண்பர்கள் குமுறினார்கள். எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. இத்தனை வருடம் பாடுபட்டு ஒரு லாட்டுக்கு வந்து சேர்ந்தால், அந்த ஒரு லாட்டே மூன்று லாட் ஆகிவிட்டது. என் குடோனில் அது கொள்ளாது. இப்போது பெரும்பாலும் பங்குகளை டெலிவரி எடுத்து வைத்திருக்கிறேன். ஆப்ஷன், பங்குகளுக்குக் காப்பு தேவைப்படும்போது வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை. இது முதிர்ச்சியா, களைப்பா என்று மனைவி கேட்கிறாள். இரண்டும் கலந்ததாக இருக்கலாம்.

பரணில் இருந்து நோட்டு கிடைத்த அன்று அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். காலேஜ் மூன்றாம் வருடம். செவ்வாய்க்கிழமை ஆனால் அவன் போனை விட்டுக் கண் எடுப்பதில்லை, எக்ஸ்பைரி இப்போது செவ்வாய்க்குப் போய்விட்டதல்லவா. "மாமா, எனக்கும் சொல்லிக்கொடுங்க" என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். நான் காபி போட உள்ளே போய் வருவதற்குள் அந்த முதல் நோட்டை எடுத்துப் புரட்டியிருக்கிறான். 1,850. 2,300. 900. 4,200. பக்கத்துக்குப் பக்கம் வரவு. தலை நிமிர்ந்தபோது அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"மாமா, நீங்க ஒரு நாள்கூடத் தோத்ததே இல்லீங்களா?"

காபியை அவன் கையில் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டு நோட்டையும் எடுத்து வர பீரோ சாவியைத் தேடினேன்.